மே மாத மதுரையில் ஒரு காற்றுக் கூலர்: தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ

என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. மதுரையில் இப்படி ஒரு அறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் இரவானதும் அதை அப்படியே கீழே இறக்கும். போன மே மாதம் இரவு 10 மணிக்கும் மேசை மேல் இருந்த வெப்பமானி 34 டிகிரி காட்டியது. கம்ப்யூட்டர் பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலர்களைப் பற்றி இணையத்தில் வரும் விமர்சனங்களில் பெரும்பாலானவை 21, 22 டிகிரி அறையில் எடுத்த அளவுகள். அங்கே பிராசசர் 80 டிகிரி என்று போட்டிருந்தால் நாம் இங்கே 92 என்று படிக்க வேண்டும், ஏனென்றால் அறைச் சூடு எத்தனை டிகிரி கூடுகிறதோ ஏறத்தாழ அத்தனை டிகிரி பிராசசரும் கூடும். நம் ஊர்ச் சூட்டில் அளந்து யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடி அலுத்துப்போய்த்தான் நானே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ரைசன் 5 7600எக்ஸ் பிராசசர், பி650 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு. 2023-இல் நானே பூட்டிய கம்ப்யூட்டர். அப்போது பம்ப் வைத்துத் திரவத்தைச் சுற்றவிட்டுச் சூட்டை இறக்கும் 240 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் ஒன்று போட்டிருந்தேன், பிராண்டு வேண்டாம். இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு நாள் பம்ப்பில் கொதிக்கிற தண்ணீர் மாதிரி ஒரு சத்தம், ஒரு வாரத்தில் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது, விண்டோஸ் திறந்து முடிப்பதற்குள் பிராசசர் 95-ஐத் தொட்டது. வாரண்டி இருந்தது, ஆனால் அனுப்பித் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். எனக்கு வேலையும் இந்த மெஷினில்தான். அந்த வாரமே பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ வாங்கினேன், 4,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக.

முதலில் 95 பற்றிச் சொல்லிவிடுகிறேன், பலர் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். 7600எக்ஸ் 2022 செப்டம்பரில் வந்தபோதே 95 டிகிரி வரை போகலாம் என்ற கணக்கில்தான் வந்தது. சூட்டில் இடம் இருக்கும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும், 95 வந்தால் தானே குறைத்துக்கொள்ளும். கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் இருக்கும் சில்லு சுண்டுவிரல் நகம் அளவுதான், அதிலிருந்து 100 வாட்டுக்கு மேல் சூடு வெளியே வர வேண்டும், மேலே மூடியிருக்கும் தகடும் தடிமனானது. அதனால் எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் இந்த பிராசசர் குளுகுளுவென்று ஓடாது. என் கவலை எல்லாம் அந்த எல்லையில் முட்டி வேகம் குறையக் கூடாது, ஃபேன் கத்தக் கூடாது, அவ்வளவுதான்.

கூலரில் இரண்டு அலுமினியக் கோபுரங்கள், ஆறு செம்புக் குழாய்கள், 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு. உயரம் 155 மில்லிமீட்டர். செம்புக் குழாய் என்றால் வெறும் செம்புக் கம்பி இல்லை, உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும். பிராசசர் பக்கம் அது ஆவியாகும், கோபுரத்துப் பக்கம் போய்க் குளிர்ந்து மறுபடி திரவமாகி, குழாயின் உள்சுவர் வழியாகத் திரும்பி வரும். பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. கெட்டுப்போக இருப்பது ஃபேன் மட்டும், அதையும் எந்த 120 ஃபேனை வைத்தும் மாற்றிக்கொள்ளலாம். பம்ப் செத்துப்போன அனுபவத்துக்குப் பிறகு எனக்கு இதுவே பெரிய நிம்மதி.

மாட்டுவது எளிது. ஏஎம்5 (7600எக்ஸ் உட்காரும் சாக்கெட் வகை) போர்டில் பின்தகடு சாக்கெட்டோடு பிணைந்திருப்பதால், மேலே இருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றும்போது பின்னால் எதுவும் விழாது. அந்த இடத்தில் நான்கு தூண், அதன் மேல் இரண்டு இரும்புப் பட்டை, அப்புறம் சூடு கடத்தும் பேஸ்ட், கூலர். நடு ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கூலரை இறுக்க முடியும், ஸ்க்ரூ இரண்டும் கோபுரங்களுக்கு அடியில் இருக்கின்றன. ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள், இரண்டு சுற்று இங்கே, இரண்டு சுற்று அங்கே என்று மாறி மாறி இறுக்குங்கள். தம்பி டார்ச் பிடிக்க, அரை மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு ஃபேனையும் ஒரே இடத்தில் செருக ஒய் வயரும் பெட்டியிலேயே இருந்தது. வாங்குவதற்கு முன் இரண்டை அளந்துவிடுங்கள். ஒன்று கேபினட்டின் அகலம், இன்னொன்று ரேமின் உயரம். ரேம் உயரமாக இருந்தால் முன் ஃபேனை மேலே ஏற்ற வேண்டிவரும், அப்போது 155 என்ற கணக்கு மாறிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழைய காலத்து ஓவர்கிளாக்கிங், அதாவது எல்லா கோரையும் ஒரே வேகத்தில் பூட்டி வோல்டேஜை ஏற்றுவது, இந்த பிராசசருக்குத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 1.3 வோல்ட்டில் பூட்டினேன். சூடு ஏறியது, விளையாட்டில் ஒன்றும் கூடவில்லை, தனி கோர் தானாகத் தொடும் 5.4 கிகாஹெர்ட்ஸுக்கு மேலான உச்சமும் போய்விட்டது. இன்றைக்கு ஓவர்கிளாக்கிங் என்றால் வோல்டேஜைக் குறைப்பது. போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் பிபிஓ என்ற பகுதி, அதற்குள் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பு. அதே வேகத்துக்குக் குறைவான வோல்டேஜ் போதும் என்று பிராசசருக்குச் சொல்வது. வோல்டேஜ் குறைந்தால் வாட் குறையும், வாட் குறைந்தால் சூடு குறையும், மிச்சமான இடத்தில் அது தானே வேகத்தை ஏற்றிக்கொள்ளும்.

அறை 34 டிகிரி, ஏசி இல்லாமல், எல்லா கோரையும் முழுதாக உழைக்கவைத்து வேகத்துக்குப் புள்ளி போடும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையைப் பத்து நிமிடம் தொடர்ந்து ஓட்டி எடுத்தவை இவை. எதையும் தொடாமல் ஓட்டியபோது 94 டிகிரி, சுமார் 125 வாட், புள்ளி 14,900. கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 20 (மைனஸ் எண் பெரிதாக ஆக வோல்டேஜ் குறையும்) வைத்ததும் 87 டிகிரி, 115 வாட், புள்ளி 15,300. வேகமும் கூடி, சூடும் குறைந்தது, செலவு ஒரு பைசா இல்லை. அதோடு நிறுத்தாமல் மின்சார எல்லையை 88 வாட்டாக வைத்தேன், மின்சாரம் மிச்சப்படுத்தும் ஈகோ மோடுக்கு 65 வாட் என்று பெயர் இருந்தாலும் அதன் உண்மையான எல்லை இதுதான். 74 டிகிரி, புள்ளி 14,400. கோடை முழுக்க இதில்தான் ஓட்டினேன். விளையாடும்போது பிராசசர் 88 வாட்டைத் தொடுவதே அபூர்வம். சைபர்பங்க் 2077-இல் 70 வாட் அளவில் நிற்கிறது, சூடு 68-ஐத் தாண்டவில்லை, ஃபிரேம் எண்ணிக்கையில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மைனஸ் 30 வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைத்தேன். சினிபெஞ்ச் பத்து நிமிடம் கல் மாதிரி நின்றது, பிரச்சினை இல்லை என்று நினைத்துவிட்டேன். மறுநாள் இரவு வெறுமனே பிரவுசர் திறந்திருந்தபோது மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆனது. இது நிறையப் பேருக்குப் புரியாத இடம், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எல்லா கோரும் உழைக்கும்போது ஒவ்வொன்றின் வேகமும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். லேசான வேலையில்தான் ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும், அந்த நொடியில்தான் குறைத்த வோல்டேஜ் பற்றாமல் போகும். ஆகவே கடினமான சோதனையில் தேறியது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும், ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். பிழைகளின் பதிவைக் காட்டும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ என்று ஹார்டுவேர் பிழை வருகிறதா என்றும் பாருங்கள். எனக்கு இரண்டு கோர் மைனஸ் 15-க்கு மேல் ஒத்துவரவில்லை, மற்ற நான்கையும் 20-இல் விட்டிருக்கிறேன். மேலே சொன்ன புள்ளிகளில் அதனால் பெரிய மாற்றமில்லை. ஒரே மாதிரி பிராசசர் வாங்கிய உங்கள் நண்பருக்கு எல்லாமே 30-இல் நிற்கலாம், அது அவரவர் சில்லைப் பொறுத்தது.

கூலரைப் போலவே கேபினட்டும் முக்கியம், சொல்லப்போனால் நம் ஊரில் அதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். என் பழைய கேபினட்டின் முன்பக்கம் முழுக் கண்ணாடி. கிராபிக்ஸ் கார்டு தனியாக 200 வாட் சூட்டை உள்ளேயே கொட்டுகிறது, அந்தச் சூட்டுக் காற்றைத்தான் பிராசசர் கூலர் இழுக்கிறது. எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அரை மணி நேரம் விளையாடி சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு அதே விளையாட்டை அதே நேரம் விளையாடுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் சரி, விட்டுவிடலாம். எனக்கு 8 டிகிரி குறைந்தது. வலை முன்பக்கம் உள்ள சாதாரண கேபினட் ஒன்றுக்கு மாறினேன், முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. மேலே உள்ள அளவுகள் எல்லாம் இந்தப் புதிய கேபினட்டில் எடுத்தவை.

சத்தத்தைப் பொறுத்தவரை, ஃபேன் முழு வேகத்தில் 1550 சுற்று, அது காதில் விழும். 1100-இல் வைத்தால் மேலே ஓடும் சீலிங் ஃபேன் சத்தத்தில் கரைந்துவிடும். பயாஸில் 70 டிகிரி வரை ஒரே வேகத்தில் இருக்கும்படி ஃபேன் வேகத்தின் வரைகோட்டை நேராகப் போடுங்கள், இல்லையென்றால் பிராசசர் ஒரு நொடி தாவும்போதெல்லாம் ஃபேனும் கூடவே ஏறி இறங்கி எரிச்சலூட்டும்.

ஆறு கோர், எட்டு கோர் வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 7950எக்ஸ் போன்ற 16 கோரில் நாள் முழுக்க வீடியோ ரெண்டர் செய்கிறவர்கள், அதுவும் ஏசி இல்லாத அறையில், 360 லிக்விட் கூலர் பற்றி யோசிப்பது நியாயம். ஆனால் எதைப் போட்டாலும் அந்தச் சூடு போய்ச் சேருவது உங்கள் அறைக்குள்தான். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் விளையாடினால் என் அறையில் வெப்பமானி 2 டிகிரி ஏறுகிறது, ஜன்னலைத் திறந்தால் மெஷினும் நானும் சேர்ந்தே ஆறுகிறோம்.

ஐந்து மாதம் ஆகிறது. மாதம் ஒருமுறை முன் வலையைக் கழற்றித் தூசி தட்டுகிறேன், ஆயுத பூஜைக்கு முன்னால் கூலர் ஃபேன்களையும் கழற்றிப் பிரஷ்ஷால் துடைத்தேன். அன்றைக்கு அறை 30 டிகிரி, அதே 88 வாட்டில் சினிபெஞ்ச் 70-இல் நின்றது. வாரண்டியில் மாற்றித் தந்த லிக்விட் கூலர் ஏழாவது வாரம் வந்து சேர்ந்தது, பெட்டி பிரிக்காமல் பரணில் இருக்கிறது.