இழுக்காதே, முதலில் அழுத்து: புதிர்ப்பெட்டி விளையாட்டுகள், ஓர் ஒப்பீடு

மண்ணடியில் தாத்தா நடத்திய இரும்புக் கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: சாய்வு மூடி வைத்த ஒரு கணக்குப்பிள்ளைப் பெட்டி. மூடியைத் தூக்கினால் சில்லறைக்கு நான்கு குழிகள், பேனாவுக்கு நீளமாக ஒரு தட்டு, அதன் கீழே ரசீதுப் புத்தகங்கள். அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் பேனாத் தட்டை வெளியே எடுத்துவிட்டு, இடப்பக்கப் பலகையின் கீழ் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால், பலகை ஒரு நெல்மணி அளவுக்கு உள்ளே போய், பிறகு வழுக்கிக்கொண்டு மேலே வரும். அதன் பின்னால் நாலைந்து மோதிரங்கள் வைக்கிற அளவுக்கு ஓர் அறை. சிறுவயதில் அந்தப் பலகையை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தபோது தாத்தா சொன்னார்: "இழுக்காதே கண்ணு, முதலில் அழுத்து."

கைப்பேசியிலும் கணினியிலும் விளையாடும் புதிர்ப்பெட்டி விளையாட்டுகள் இந்தப் பலகையின் வழிவந்தவைதான். எதிராளி கிடையாது, துப்பாக்கி கிடையாது. மேசை மேல் ஒரு பெட்டி இருக்கும். அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எதையோ நகர்த்தி, எதையோ திருகித் திறக்க வேண்டும். ஏழெட்டு வருடமாக இவற்றை விளையாடி வருகிறேன். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவர், மறுபடியும் மூளைக்கு வேலை கொடுக்கிற ஒன்றை ஓய்வு என்று எப்படிச் சொல்கிறார் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, இந்த வகையில் நான் முழுவதும் விளையாடி முடித்தவற்றை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் 'தி ரூம்'. இங்கிலாந்தின் கில்ஃபோர்ட் நகரத்தில் இயங்கும் ஃபயர்ப்ரூஃப் கேம்ஸ் 2012-இல் ஐபேடுக்காக வெளியிட்டது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் வேறொரு பெரிய விளையாட்டு நிறுவனத்தில் ஓவியக் கலைஞர்களாக இருந்தவர்கள். அது விளையாட்டைத் தொட்டவுடனே தெரிகிறது. பித்தளைக்குப் பித்தளையின் மங்கல், தேக்குக்குத் தேக்கின் ரேகை, பழைய இரும்புக்கு அதன் கருப்பு. ஆட்டம் ஓர் இரும்புப் பெட்டகத்தில் தொடங்குகிறது. அதைத் திறந்தால் உள்ளே ஒரு மரப்பெட்டி, அதைத் திறந்தால் அதற்குள் இன்னொன்று.

ஒரு சாவித் துவாரத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். சாவியை நுழைத்தபின் பொத்தானைத் தட்டினால் பூட்டு திறந்துவிடாது. விரலை வட்டமாகச் சுற்ற வேண்டும். விரல் நின்றால் சாவியும் பாதியில் நிற்கும். சில சாவிகள் பூட்டுக்குள் போகவே போகாது. அந்தச் சாவியைத் தனியே எடுத்துப் பார்த்து, அதன் பற்களை மடக்கியும் நீட்டியும் பூட்டின் வடிவத்துக்குக் கொண்டுவந்தால்தான் நுழையும். கண்ணாடித் திரையில் உண்மையான கனமோ உராய்வோ கிடையாது. அந்தக் குறையை முழுக்க ஒலியை வைத்தே சரிக்கட்டுகிறார்கள். பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக ஏறும் 'டக் டக்', இழுப்பறை எல்லைக்கு வந்து முட்டும் மரச் சத்தம், உள்ளே எங்கேயோ ஒரு தாழ் விழும் ஓசை. காதொலிக் கருவி மாட்டிக்கொண்டு விளையாடினால் விரல் நுனியில் பித்தளையின் குளிர்ச்சி தெரிவதுபோலவே இருக்கும்.

என்னை இதன் பக்கம் இழுத்தது என்ன என்று 2023 டிசம்பரில்தான் எனக்கு விளங்கியது. மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கள் தெரு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றது. மின்சாரம் இல்லை, கைப்பேசிச் சிக்னலும் இல்லை. தண்ணீர் எப்போது வடியும், மோட்டார் எப்போது ஓடும், கீழ்வீட்டுக்காரரின் அம்மாவுக்கு மருந்து எப்படிக் கொண்டுவருவது என்று எல்லாக் கேள்விக்கும் பதில் வேறு யாரிடமோ இருந்தது. அந்த யாரையும் கூப்பிட முடியவில்லை. பவர் பேங்கில் மிச்சம் இருந்ததை எண்ணிப் பார்த்து, ராத்திரி அரை மணி நேரம் மட்டும் என்று வரம்பு வைத்துக்கொண்டு 'தி ரூம் டூ'-வைத் திறந்தேன். இணையம் இல்லாமல் ஓடும் விளையாட்டு அது. திரையில் இருந்த பெட்டியும் ஒரு சிக்கல்தான். ஆனால் அதற்கான விடை முழுவதும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. வெளியிலிருந்து எதுவும் வரவேண்டியதில்லை, யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. சரியான இடத்தை அழுத்தினால் அது கட்டாயம் அசையும். அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு இரண்டு இரவும் நன்றாகத் தூங்கினேன்.

புதிரின் கடினத்துக்கும் இந்த அமைதிக்கும் தொடர்பு குறைவு என்பதே என் எண்ணம். வேண்டியதெல்லாம் கண்ணெதிரே ஓர் எல்லைக்குள் இருக்கிறது என்ற உறுதி வேண்டும், தொட்டால் பொருள் பதில் சொல்ல வேண்டும். மற்ற விளையாட்டுகளையும் இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்.

'தி ஹவுஸ் ஆஃப் டா வின்சி' 2017-இல் வந்தது. பிராட்டிஸ்லாவாவில் இருக்கும் ப்ளூ பிரெய்ன் கேம்ஸ் பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டி உருவாக்கிய விளையாட்டு. 16-ஆம் நூற்றாண்டு ஃப்ளோரன்ஸ். லியோனார்டோவின் சீடனாகப் போய், காணாமல்போன ஆசானைத் தேடுகிறோம். படங்களின் அழகில் 'தி ரூம்' தொடருக்கு இது சளைத்ததில்லை. மறுமலர்ச்சிக் கால இயந்திரங்கள், கப்பிகள், பீரங்கிகள் என்று பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது. ஆனாலும் எனக்கு இதில் ஓய்வு கிடைக்கவில்லை. மேசையிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து மாடிக்கு என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறோம். அதற்கு மேல், கடந்துபோன நேரத்தைப் பார்க்கும் கருவி வேறு. 'இந்தப் பொருளை என்ன செய்வது' என்ற கேள்வி மறைந்து, 'அடுத்து எங்கே தேடுவது' என்ற கேள்வி வந்துவிடுகிறது. பீரோ சாவியைத் தொலைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவதற்கு வெளியே நிஜ வாழ்க்கையே போதும்.

இதே குறை 2015-இல் வந்த 'தி ரூம் த்ரீ'-யிலும் உண்டு. ஒரு தீவு, அதில் ஒரு மாளிகை, பல முடிவுகள். பெரிய படைப்பு என்று மதிக்கிறேன், ஆனால் ராத்திரி பத்தரை மணிக்குத் திறக்க மாட்டேன். அதே தொடரில் 2018-இல் வந்த 'ஓல்ட் சின்ஸ்' அந்தத் தவறை மிக அழகாகச் சரிசெய்தது. மாளிகை மறுபடியும் உண்டு. ஆனால் அது இப்போது பரணில் இருக்கும் பொம்மை வீடு. ஒவ்வொரு குட்டி அறைக்குள்ளும் நுழைந்து வெளியே வரலாம். வெளியே வந்தால் முழு வீடும் ஒரே பார்வையில், இரண்டு கைக்குள் அடங்குகிற அளவில் நிற்கிறது. உலகம் பெரிது, எல்லை சிறிது. இந்த வகையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிட வேண்டும். இந்தத் தொடர் முழுவதும் இருட்டு, கடிதங்களில் புத்தி பேதலித்தவர்களின் குரல், மூலையில் எதுவோ நெளியும். திடுக்கிட வைக்கும் காட்சிகளை நம்பி ஓடும் விளையாட்டு இல்லை என்றாலும், பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு இது ஓய்வாக இருக்காது. கண் பார்வை மங்கியவர்களுக்கும் அந்தக் கருப்புத் திரை சிரமம்.

அவர்களுக்கு 2024-இல் வந்த 'பாக்ஸஸ்: லாஸ்ட் ஃபிராக்மென்ட்ஸ்' நல்லது. பெயரே சொல்வதுபோலப் பெட்டிகள்தான், ஒன்றன்பின் ஒன்றாக. திருட வந்தவராக ஒரு மாளிகைக்குள் நுழைகிறோம். கதை மெலிந்தது, 'தி ரூம்' தொடரின் சாயல் அப்பட்டமாகத் தெரிகிறது. இரண்டையும் நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜப்பானில் ஹகோனே பகுதியின் மரவேலைக்காரர்கள், பல நிற மரத்துண்டுகளை ஒட்டிய மேற்பரப்பில் திறக்கும் விளிம்பு கண்ணுக்குத் தெரியாதபடி ரகசியப் பெட்டிகள் செய்கிறார்கள். ஒருவர் செய்தார் என்பதற்காக அடுத்தவர் செய்யாமல் விட்டிருந்தால் அந்தக் கலையே நின்றிருக்கும். இதில் எனக்குப் பிடித்தது அளவு. வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறித் திருமயிலையில் இறங்குவதற்குள் பெரும்பாலும் ஒரு பெட்டி முடிந்துவிடும். பாதியில் நிறுத்திய புதிர் மாலைவரை மனத்தில் குடைந்துகொண்டிருக்காது.

விலை பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஒருமுறை பணம் கொடுத்தால் போதும். இலவசமாகக் கிடைத்தது என்று பூட்டுத் திறக்கும் விளையாட்டு ஒன்றை ஒருமுறை இறக்கினேன். ஒவ்வொரு தாழ்ப்பாளுக்கும் அரை நிமிட விளம்பரம்; குறிப்பு வேண்டுமென்றால் இன்னொரு விளம்பரம். பெட்டி திறந்த அந்த நொடிக்காகத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறோம். அந்த நொடியைப் பிடுங்கி விற்கிற விளையாட்டு எந்த விலையிலும் வேண்டாம்.

நகரத்தில் இப்போது காசு கொடுத்துப் போய், பூட்டிய அறையிலிருந்து புதிர்களை அவிழ்த்து வெளியே வரும் எஸ்கேப் ரூம்களும் உண்டு; அலுவலகத்து நண்பர்களோடு ஒருமுறை போனேன். கையில் உண்மையான பூட்டு, உண்மையான சாவி, இந்த விஷயத்தில் எந்தத் திரையும் அதற்கு ஈடாகாது. ஆனால் சுவரில் 60 நிமிடக் கடிகாரம் ஓடுகிறது, நான்கு பேர் நான்கு பக்கம் இழுக்கிறார்கள். ஒரு பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. தனியாக விளையாடுவதன் அருமை அங்கேதான் உறைத்தது. 'தி ரூம்' விளையாட்டில் ஒரே திருகை இருபது முறை வீணாகத் திருகலாம், யாரும் பார்க்கவில்லை. குறிப்பும் ஒரேயடியாக விடையைக் கொட்டாது. முதலில் பட்டும் படாமலும், நேரம் போகப் போகக் கொஞ்சம் வெளிப்படையாகவும் வரும். நல்ல வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல.

பெட்டியைத் திறக்கும் விளையாட்டுகளுக்கு உண்மையான போட்டி, பொருளை ஒழுங்குபடுத்தும் விளையாட்டுகளிலிருந்துதான் வருகிறது. கனடாவிலிருந்து 2022-இல் வந்த 'எ லிட்டில் டு தி லெஃப்ட்' வீட்டுச் சாமான்களை அடுக்கச் சொல்கிறது. நடுவில் ஒரு பூனை வந்து கலைக்கிறது. ஒரே அடுக்குக்குப் பல சரியான விடைகள் உண்டு. தெரியவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். குறிப்பு வேண்டுமென்றால், கிறுக்கி மறைத்த படத்தை ரப்பரால் வேண்டிய அளவு மட்டும் அழித்துப் பார்த்துக்கொள்ளலாம். குழந்தைகளோடு உட்கார்ந்து விளையாட இதைவிட இனியது எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, ஆஸ்திரேலியாவின் விட்ச் பீம் உருவாக்கி 2021-இல் வந்த 'அன்பேக்கிங்'. ஒரு பெண் 1997 முதல் 2018 வரை வீடு மாறிக்கொண்டே இருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, சாமான்களை நாம் அடுக்குகிறோம். அவள் முகத்தை நாம் பார்ப்பதில்லை. பொருள்களை வைத்தே அவளைத் தெரிந்துகொள்கிறோம். எந்தப் பொருளை எந்தப் பரப்பில் வைத்தாலும் அதற்கென்று தனி ஓசை. இதற்காக ஏறத்தாழ 14,000 ஒலித்துண்டுகளைப் பதிவுசெய்திருக்கிறார்கள். பீங்கான் தட்டை மரத்தில் வைக்கும் ஓசையும் கல்லில் வைக்கும் ஓசையும் வேறு வேறு.

அம்மாவுக்கு இதைத்தான் அறிமுகம் செய்தேன். பழவந்தாங்கல், நங்கநல்லூர், மடிப்பாக்கம், வேளச்சேரி என்று நான்கு வாடகை வீடுகளுக்குச் சாமான் கட்டிய கை அது. யாரும் சொல்லித்தராமலே விளையாட ஆரம்பித்துவிட்டார். பாத்திரங்களை அடுக்கும்போது, "இந்தப் பெண் வீட்டில் குக்கர் எங்கே?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். 2010-ஆம் ஆண்டு வீட்டுக்கு வந்தபோது நின்றுவிட்டார். அது அந்தப் பெண் தன் காதலனோடு குடியேறும் வீடு. அலமாரி, சுவர், மேசை எல்லாவற்றிலும் அவனுடைய பொருள்கள். அவள் சட்டம் போட்டு வைத்திருக்கும் பட்டச் சான்றிதழை மாட்ட எங்கேயும் இடம் இல்லை. அம்மா சமையலறையில் வைத்துப் பார்த்தார், குளியலறையில்கூட வைத்துப் பார்த்தார். எங்கே வைத்தாலும் சிவப்புக் கோடு. கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளினார், விளையாட்டு ஏற்றுக்கொண்டது.

என் அளவுகோலின்படி இது தோற்க வேண்டும். விடை பெட்டிக்குள் இல்லை. அந்த வீட்டில் யார் யாருக்கு இடம் விட்டார்கள் என்பதில் இருக்கிறது. பொருளும் சரியான பதில் சொல்லவில்லை, வருத்தமான பதில் சொல்கிறது. ஓய்வுக்காக விளையாடுகிறவர் ஞாயிறு காலையில் இதைத் திறக்கலாம், தூங்கப்போகும் முன் வேண்டாம். தூங்கப்போகும் முன் 'ஓல்ட் சின்ஸ்', விளக்கை அணைத்துவிட்டு, ஓர் அறை மட்டும். புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் 2012-இன் முதல் 'தி ரூம்'. மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும், முடிந்தால் கைப்பேசியைவிடக் கொஞ்சம் பெரிய திரையில்.

அம்மா அன்றைக்கு விளையாட்டை மூடவில்லை. அடுத்த வீட்டின் பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்து, முதல் வேலையாக அந்தப் பட்டம் எதில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.