சாண்டியாகோ – பியூனஸ் அயர்ஸ்: ஜூலைப் பனியில் எந்தப் பஸ்?

சிலியின் சாண்டியாகோவிலிருந்து அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸுக்குச் சாலை வழி ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். அதில் ஆண்டீஸ் மலையைத் தாண்டும் 150 கிலோமீட்டர்தான் மொத்தப் பயணத்தையும் தீர்மானிக்கிறது. டிசம்பரில் எந்த டிக்கெட்டை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம், அப்படி வாங்க முடியாது. கணவாய் மூடினால் ஒரு நாள் போகலாம், நான்கைந்து நாளும் போகலாம். அந்த நாட்களில் எந்த ஊரில், எந்த டிக்கெட்டோடு மாட்டிக்கொண்டு நிற்போம் என்று யோசித்துவிட்டுத்தான் பணத்தை நீட்ட வேண்டும்.

இரண்டு பேராகக் கிளம்புகிறவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒரே டிக்கெட்டில் நேரடி பஸ். மலையைத் தாண்டியதும் வரும் அர்ஜென்டினா நகரமான மெண்டோசாவில் இறங்கி, வேறு பஸ் மாறுவது. சிலிக்குள்ளேயே தெற்கே ஒசோர்னோ வரை போய், அங்கிருந்து எல்லை தாண்டி அர்ஜென்டினாவின் பரிலோச்சே வழியாகச் சுற்றிப் போவது.

மலை எப்படி மூடுகிறது

இரு நாட்டையும் இணைக்கும் கிறிஸ்தோ ரெதெந்தோர் சுரங்கப்பாதை 1980-இல் திறந்தது. நீளம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், உயரம் சுமார் 3,200 மீட்டர். கணவாயைச் சிலிக்காரர்கள் லாஸ் லிபெர்தாதோரெஸ் என்பார்கள். அர்ஜென்டினாப் பக்கம் சுரங்கத்தின் பெயரே கணவாய்க்கும் பெயர். அறிவிப்புகளில் இரண்டும் மாறி மாறி வரும், இடம் ஒன்றுதான்.

சுரங்கத்துக்குள் தொல்லை இல்லை. தொல்லையெல்லாம் அதற்கு ஏறிப் போகும் சாலையில். சிலிப் பக்கம் போர்த்தியோ பனிச்சறுக்கு விடுதிக்குக் கீழே லாஸ் கராகோலெஸ், அதாவது ‘நத்தைகள்’ என்று ஒரு பகுதி. மரமே இல்லாத ஒரே சரிவில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். மேல் வளைவில் பனி சரிந்தால் கீழ் வளைவிலும் வந்து விழும். அர்ஜென்டினாப் பக்கம் சாலை அவ்வளவு செங்குத்தில்லை, ஆனால் காற்று மோசம். ஏற்கெனவே விழுந்து கிடக்கும் பனியைக் காற்று வாரி எறியும்போது பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது. இதற்கு அங்கே ‘வியந்தோ பிளாங்கோ’, வெள்ளைக் காற்று, என்று பெயர். புதுப்பனி விழாத நாளிலும் கணவாயை மூடுவதற்கு இது போதும்.

இன்னொன்று, பகலில் உருகும் தண்ணீர் மாலையில் தார்மேல் கண்ணாடியாக உறைகிறது. அதனால்தான் கோடையில் இரவு பகலாகத் திறந்திருக்கும் கணவாய், குளிர்காலத்தில் பகல் நேரத்துக்கு மட்டும் என்று சுருங்கிவிடுகிறது. புயல் ஓய்ந்து திறந்த பிறகும் உடனே வழி கிடைக்காது. சிலிப் பக்கம் லாஸ் ஆண்டெஸிலும் அர்ஜென்டினாப் பக்கம் உஸ்பல்யாதாவிலும் சரக்கு லாரிகள் மைல் கணக்கில் காத்திருக்கும். கார்களையும் பஸ்களையும்தான் பொதுவாக முதலில் விடுவார்கள் என்றாலும், திறந்த முதல் நாள் எல்லைச் சாவடியில் நெரிசல் நிச்சயம்.

நேரடி பஸ்ஸா, மெண்டோசா மாற்றமா?

நேரடி பஸ் 20 முதல் 24 மணி நேரம். காலையில் சாண்டியாகோவை விட்டால் மாலை மெண்டோசா, மறுநாள் காலையோ மதியமோ பியூனஸ் அயர்ஸின் ரெதிரோ நிலையம். இதன் பலம் ஒன்றே ஒன்று: எல்லையில் நான்கு மணி நேரம் தாமதமானாலும் பஸ் உங்களோடுதான் தாமதமாகிறது. தவறவிட அடுத்த பஸ் என்று ஒன்று கிடையாது.

பலவீனம், மூடிய நாளில் தெரியும். கணவாய் மூடினால் 1,400 கிலோமீட்டர் டிக்கெட்டும் மொத்தமாக உறைந்துவிடும். நிறுவனம் அடுத்து ஓடும் பஸ்ஸில் இடம் தரும், அல்லது பணத்தைத் திருப்பித் தரும். ஆனால் உங்களுக்கு முன்னே இரண்டு மூன்று நாள் பயணிகள் வரிசையில் இருப்பார்கள். நேரடி பஸ்களின் எண்ணிக்கையும் குறைவு. மெண்டோசா வரை ஓடுபவை அதைவிடப் பல மடங்கு.

மெண்டோசாவில் மாறுவதென்றால் முதல் பகுதி சுமார் 360 கிலோமீட்டர். தடங்கல் இல்லாத நாளில் 7 முதல் 8 மணி நேரம். இரண்டாவது பகுதி ஏறக்குறைய 1,050 கிலோமீட்டர், 13 முதல் 16 மணி நேரம். பலரும் இதில் செய்யும் தவறு, இரண்டு டிக்கெட்டையும் சாண்டியாகோவிலேயே வாங்கி, நடுவில் இரண்டு மணி நேர இடைவெளி விடுவது. எல்லையில் கொஞ்சம் இழுத்தாலே இரண்டாவது டிக்கெட் காலி. போதாக்குறைக்குக் கடிகாரமும் காலை வாரும். அர்ஜென்டினாவும் சிலியும் கோடையில் ஒரே நேரம். ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை சிலி ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடும். சாண்டியாகோவில் காலை 9 என்றால் மெண்டோசாவில் 10. டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர் நேரம். 8 மணி நேரப் பயணம் என்று நினைத்து 9 மணிக்கு ஏறுகிறவர் மாலை 5-க்கு இறங்குவோம் என்று கணக்குப் போடுவார். இறங்கும்போது மெண்டோசாவில் 6 ஆகியிருக்கும்.

சரியான முறை இது: சாண்டியாகோவில் மெண்டோசா டிக்கெட் மட்டும் வாங்குங்கள். மெண்டோசாவில் ஓர் இரவு தங்குங்கள். பியூனஸ் அயர்ஸ் டிக்கெட்டை அங்கே இறங்கியபின், நிலையத்தின் கவுண்டர்களிலேயே வாங்குங்கள். தினமும் மாலையிலிருந்து இரவு வரை வரிசையாகப் பஸ்கள் கிளம்புகின்றன. இருவர் என்றால் விடுதி அறைச் செலவும் பாதி. விதிவிலக்கு ஜூலை மாதம்: ஜூலை 9 அர்ஜென்டினாவின் சுதந்திர தினம், அதை ஒட்டிப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. அந்த வாரங்களில் மட்டும் இரண்டாவது டிக்கெட்டையும் முன்பதிவு செய்யலாம், குறைந்தது ஒரு முழுநாள் இடைவெளி விட்டு.

முதல் பகுதிக்குக் காலை 8, 9 மணி பஸ்ஸே நல்லது. ஜூலையில் சாண்டியாகோவில் மாலை 6 மணியளவிலேயே இருட்டிவிடும். காலை பஸ் நண்பகலையொட்டிக் கணவாயைத் தாண்டி, இருட்டுமுன் உஸ்பல்யாதாவுக்கு இறங்கிவிடும். மதியத்துக்கு மேல் கிளம்பும் பஸ், கியூ நீண்டால் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்ளும். முந்தைய நாள் மாலையே சிலியின் எல்லைக் கணவாய்த் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். ‘ஆபியெர்தோ’ என்றால் திறப்பு, ‘செர்ராதோ’ என்றால் மூடல். ‘போர்த்தாசியோன் தே கதேனாஸ்’ என்று இருந்தால் டயர்ச் சங்கிலி இருந்தால்தான் விடுவார்கள் என்று பொருள். அது பஸ்காரர் பாடு, உங்கள் நேரம்தான் கூடும்.

தெற்குச் சுற்று

ஒசோர்னோவுக்கும் பரிலோச்சேக்கும் நடுவே ஆண்டீஸைத் தாண்டும் கார்டெனால் சமோரே கணவாய் சுமார் 1,320 மீட்டர் உயரம்தான். காடு சூழ்ந்த பாதை, பனி விழும், சங்கிலியும் கேட்பார்கள், மூடாமலும் இல்லை. ஆனால் வடக்குக் கணவாயைப் போல நாட்கணக்கில் முடங்குவது அரிது. 2011 ஜூனில் புயேஉவே எரிமலை வெடித்துச் சாம்பலால் அடைபட்டதெல்லாம் வேறு கதை.

விலை, நேரம்தான். சாண்டியாகோவிலிருந்து ஒசோர்னோ 900 கிலோமீட்டருக்கு மேல், ஓர் இரவுப் பஸ். அங்கிருந்து பரிலோச்சே 5, 6 மணி நேரம். இந்தப் பஸ்கள் காலையில், விரல்விட்டு எண்ணும் அளவில்தான் ஓடும். பரிலோச்சேயிலிருந்து பியூனஸ் அயர்ஸ் மறுபடி 1,600 கிலோமீட்டர், 20 மணி நேரத்துக்கு மேல். கூட்டிப் பாருங்கள்: பஸ்ஸுக்குள் மட்டும் 36 முதல் 40 மணி நேரம். ஜூலையில் பரிலோச்சே பனிச்சறுக்குக் கூட்டத்தால் நிரம்பி வழியும், அறை வாடகை எகிறும். பரிலோச்சேயைப் பார்க்கவே ஆசை இருந்தால் இது அருமையான வழி. வெறுமனே பியூனஸ் அயர்ஸ் போய்ச் சேர வேண்டுமென்றால் வீண் அலைச்சல். திரும்பும் விமானத்துக்குத் தேதி நெருங்கிவிட்டது, கணவாயும் மூடியிருக்கிறது என்றால் சுற்றி ஓடுவதைவிட, ஒரு மணி நேரத்தில் மெண்டோசா போகும் விமானத்தையோ இரண்டு மணி நேரத்தில் பியூனஸ் அயர்ஸ் போவதையோ பிடிப்பதே புத்திசாலித்தனம். மூடிய இரண்டாம் நாளே அந்தச் சீட்டுகளும் தீர ஆரம்பிக்கும்.

எந்தச் சீட்?

ஸ்பானிஷில் ‘காமா’ என்றால் கட்டில். செமிகாமா அரைக்கட்டில்: வரிசைக்கு நான்கு சீட், சாய்வு 140 டிகிரி அளவில். காமா: வரிசைக்கு மூன்று, இரட்டை ஒருபுறம், ஒற்றை மறுபுறம், சாய்வு சுமார் 160. சூட் (suite) வகைச் சீட் முழுதாகப் படுக்கும், 180. மாடிப் பஸ்களில் செமிகாமா பெரும்பாலும் மேல்தளம், காமா கீழ்த்தளம்.

இருவரும் மலைப் பகுதிக்கும் சேர்த்துக் காமா வாங்குவது காசைக் கரியாக்குவது. அது பகல் பயணம். நடுவில் எல்லைக்காக எழுப்பி இறக்கிவிடுவார்கள். கீழ்த்தளத்திலிருந்து பார்த்தால் சாலையோரப் பனிச்சுவர்தான் தெரியும். மேல்தளச் செமிகாமாவில், மெண்டோசா நோக்கிப் போகும்போது இடப்புறம் கேளுங்கள். 6,961 மீட்டர் உயர அகோன்காகுவா சிகரம், எல்லைச் சாவடி இருக்கும் ஓர்கோனெஸ் அருகே அந்தப் பக்கம்தான் சில நிமிடங்கள் தெரியும். முன்வரிசை காட்சிக்கு நல்லது. ஆனால் பெரிய கண்ணாடியை ஒட்டிய குளிரும் எதிர்வெயிலும் சேர்ந்தே வரும். கராகோலெஸ் வளைவில் தலைசுற்றுகிறவர்கள் நடுவரிசைக்குப் போங்கள்.

மிச்சப்படும் பணத்தை மெண்டோசா–பியூனஸ் அயர்ஸ் இரவில் போடுங்கள். அது சமவெளி, நேர்ச்சாலை, பார்க்க ஒன்றுமில்லை, தூங்குவதுதான் வேலை. இரட்டைப் பக்கம் இருவரும் சேர்ந்து உட்காரலாம். கழிப்பறைக்கும் படிக்கட்டுக்கும் ஒட்டிய வரிசை வேண்டாம். பஸ் கழிப்பறை சிறுநீருக்கு மட்டும் என்று எழுதியே வைத்திருப்பார்கள்; விடியும்போது அந்த எழுத்தை யார் மதித்தார்கள், யார் மதிக்கவில்லை என்பது பக்கத்துச் சீட்டுக்குத் தெரிந்துவிடும்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருந்தாலும் பஸ்ஸுக்குள் ஹீட்டர் வறுத்தெடுக்கும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய மூன்று அடுக்கு மேல். ஆனால் குளிர்கோட்டை மட்டும் அடியில் போகும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். எல்லையில் இறங்கி நிற்கும்போதுதான் அது தேவைப்படும், அப்போது பெட்டி உங்கள் கையில் இருக்காது.

எல்லையில்

சிலியிலிருந்து போகும்போது இரு நாட்டுச் சோதனையும் அர்ஜென்டினாப் பக்கம் ஓர்கோனெஸில். திரும்பும்போது சிலிப் பக்கச் சாவடியில். அடுத்தடுத்த ஜன்னல்கள்: ஒன்றில் வெளியேற்றம், அடுத்ததில் நுழைவு. நல்ல நாளில் ஒரு மணி நேரம், விடுமுறையில் மூன்று நான்கு. சிலிக்குள் நுழையும்போது தரும் துண்டுச்சீட்டைப் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக வையுங்கள், வெளியேறும்போது கேட்பார்கள். ஹோட்டலில் டாலரிலோ வெளிநாட்டுக் கார்டிலோ கட்டும் வெளிநாட்டவருக்கு 19 சதவீத வரி விலக்கு வாங்கவும் அதே சீட்டுதான். விசா இருவருக்கும் இரு நாட்டுக்கும் சரியாக இருக்கிறதா என்று ஏறுமுன்பே பாருங்கள். ஒருவரைத் திருப்பி அனுப்பினால் பஸ் அவருக்காக நிற்காது.

சிலிக்குள் நுழைகிறவர்களிடம் அந்நாட்டு வேளாண் துறை பழம், விதை, தேன், இறைச்சி விஷயத்தில் இரக்கமே காட்டாது. பையின் மூலையில் மறந்துபோன ஒரு ஆப்பிளுக்கும் அபராதம் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்போ பொடியோ எதுவானாலும், படிவத்தில் உணவுப்பொருள் ‘உண்டு’ என்று குறித்துவிடுங்கள். அறிவித்தபின், அனுமதியில்லாத பொருள் என்றால் அதை எடுத்துக்கொண்டு உங்களைப் போகவிடுவார்கள், அபராதம் இல்லை. மறைத்தால்தான் வம்பு.

எதிர்த்திசையில்

பியூனஸ் அயர்ஸிலிருந்து சாண்டியாகோ வருவதென்றால் மெண்டோசாவில் நிறுத்துவதற்குக் காரணம் இன்னும் வலுவானது: கணவாய் நிலவரம் தெரிந்தபின் அடுத்த டிக்கெட்டை வாங்கலாம். அங்கே ஒரு விசித்திரம் உண்டு. ஜூலையில் திடீரென்று மெண்டோசாவில் வறண்ட வெப்பக்காற்று வீசி, ஸ்வெட்டரைக் கழற்ற வைக்கும். இவ்வளவு இதமாக இருக்கிறதே, கணவாய் ஏன் மூடல் என்று கவுண்டரில் சண்டை போடாதீர்கள். அது சோண்டா காற்று. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையுச்சியில் பனியைக் கொட்டிவிட்டு, காய்ந்து, கிழக்குச் சரிவில் இறங்க இறங்கச் சூடாகிறது. கீழே சோண்டா அடித்தால் மேலே பனிப்புயல் என்று எடுத்துக்கொண்டு, அறையை இன்னும் ஓர் இரவுக்கு நீட்டிப்பது மேல்.

கிழக்கிலிருந்து மெண்டோசா மாகாணத்துக்குள் நுழையும்போது தெசாகுவாதேரோவில் பழ ஈக் கட்டுப்பாட்டுச் சோதனை இருக்கிறது. பழங்களை அதற்குள் தின்றுவிடுங்கள். மெண்டோசா வைன் வாங்குகிறவர்களுக்குச் சிலியில் ஆளுக்கு இரண்டரை லிட்டர் மதுவுக்கு வரியில்லை. 750 மில்லி பாட்டில் மூன்று, இருவருக்கு ஆறு. துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். ஏழாவது பாட்டிலை மெண்டோசாவிலேயே காலி செய்துவிட்டு ஏறுவதுதான் வழி.