பழைய அலுவலகக் கணினிக்குப் புதிய பவர் சப்ளை: மண்டபம் ஊரில் கோர்சேர் சிஎக்ஸ்650

அலுவலகங்களில் ஓடி ஓய்ந்து, சென்னை ரிச்சி தெரு வழியாக மறுவிற்பனைக்கு வரும் பிராண்டட் கணினிகளை வாங்கி, கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகி விளையாடுவது குறைந்த செலவில் முடிகிற காரியம். அப்படி வாங்கிய டெல் ஆப்டிப்ளெக்ஸ் 9020 மினி டவரில் இருந்த 290 வாட் பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் 650 வாட் கோர்சேர் சிஎக்ஸ்650 மாட்டியிருக்கிறேன். கச்சான் எனும் மேல்காற்றுப் பருவம் ஒன்றும் அதைத் தொடர்ந்த வாடைக் காலமும் கடந்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுதப்படும் மதிப்புரைகள், இருபுறமும் கடல் சூழ்ந்து உப்புக் காற்று வீசும் எங்கள் மண்டபம் ஊருக்குப் போதா.

முதலில் இந்த மாற்றம் தேவைதானா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கணினியில் உள்ள ஐ5-4590 ப்ராசஸர் 84 வாட் வகையைச் சேர்ந்தது. நான் போட விரும்பிய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு 125 வாட் எடுக்கும். போர்டு, ரேம், ஹார்டு டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 வாட் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 250 வாட்டைத் தொட்டுவிடுகிறது. 290-க்குள் அடங்கிவிட்டதே என்று தோன்றலாம். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு மின்சாரத்தை ஒரே சீராக இழுப்பதில்லை. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் பலமுறை எகிறி இறங்கும். பல ஆண்டுகள் அலுவலகத்தில் உழைத்துவிட்டு வந்த கெப்பாசிட்டர்களிடம் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) அந்த எகிறலைத் தாங்கும் தெம்பை எதிர்பார்க்க முடியாது. அதைவிடப் பெரிய தடை, பழைய சப்ளையில் கார்டுக்கு வேண்டிய 8 பின் வயரே கிடையாது என்பதுதான். போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் வரைதான் கொடுக்கும். மிச்சம் அந்த வயரின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். என்விடியா நிறுவனமே இந்தக் கார்டுக்கு 450 வாட் சப்ளையைப் பரிந்துரைக்கிறது.

ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா வயரிலிருந்து 8 பின் எடுத்துத் தரும் மலிவான இணைப்புகளும் விற்பனையில் இருக்கின்றன. அவற்றை வாங்கவே கூடாது. ஒரு சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்கக்கூடியது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்; 8 பின் இணைப்போ 150 வாட் வரை கேட்கும் தகுதியுடையது. கனெக்டர் உருகுவதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை.

சிஎக்ஸ்650-ஐ இந்தக் கணினியில் நேரடியாக மாட்ட முடியாது என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. 9020-இன் போர்டில் வழக்கமான 24 பின் சாக்கெட் இல்லை. அந்தத் தலைமுறையில் டெல் நிறுவனம் தனக்கேயான 8 பின் சாக்கெட் ஒன்றை (கார்டுக்கான 8 பின் வேறு) வைத்து, சப்ளையிலிருந்து 12 வோல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் போர்டிலேயே உண்டாக்கிக்கொள்ளும்படி அமைத்துவிட்டது. எனவே 24 பின்னை 8 பின்னாக மாற்றும் அடாப்டரைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும். இதற்கு முந்தைய 7010 மினி டவரில் 24 பின்னே இருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது. எச்பியின் சில மாடல்களில் 6 பின்னும், லெனோவோவின் சில மாடல்களில் 14 பின்னும் 10 பின்னும் வருகின்றன. ஆகவே மூடியைத் திறந்து பின்களை எண்ணிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுவதே முறை.

ஓர் இணையக் கடையிலிருந்து எனக்கு முதலில் வந்த அடாப்டரின் வயர்கள் செல்போன் சார்ஜர் வயர் அளவுக்கு மெல்லியவை. கிளிப் சாக்கெட்டில் பூட்டிக்கொள்ளவில்லை. இரண்டு விரலால் லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, 18 கேஜ் வயர் என்று தெளிவாகக் குறிப்பிட்டிருந்த வேறொன்றை வாங்கினேன். அது ‘டிக்’கென்று பூட்டிக்கொண்டது. ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் நல்ல சப்ளை வாங்கிவிட்டு, போர்டுக்கான மின்சாரம் கடந்துபோகிற அடாப்டரில் நூறு இருநூறு மிச்சம் பிடிப்பது பொருளற்றது.

பொருத்துவது எளிது. மினி டவரில் சப்ளையின் அளவு கணினிகளுக்குப் பொதுவான ஏடிஎக்ஸ் தர அளவுதான் என்பதால், பின்புறத் திருகாணிகள் நான்கும் துளைகளுக்கு நேராக வந்து உட்காருகின்றன. ப்ராசஸருக்கான 8 பின் வயர் இரண்டாகப் பிரியக்கூடியது. போர்டில் உள்ள 4 பின் சாக்கெட்டில் ஒரு பாதியைச் செருகினால் போதும். வயர்கள்தான் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. சிஎக்ஸ்650-இல் எல்லா வயர்களும் சப்ளையோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டவை. வேண்டாதவற்றைக் கழற்றி வைக்க வழியில்லை. கேமிங் கேபினெட்டில் அவற்றைப் பின்பக்கமாகச் செலுத்தி மறைத்துவிடலாம். அலுவலகக் கணினியின் ஒடுங்கிய பெட்டியில் மறைக்க இடம் ஏது? டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்தப் பொந்துக்குள் உபரி வயர்களைச் சுருட்டித் திணித்து டேக் போட்டுக் கட்டியிருக்கிறேன். அழகில்லை, ஆனால் காற்றோட்டத்திற்குத் தடையுமில்லை.

இயக்கத்தில் குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. ஏடிஎக்ஸ் விதிமுறைப்படி 12 வோல்ட் லைனில் ஐந்து சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம், அதாவது 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருந்தாக வேண்டும். பயன்படாமல் கிடந்த, பழைய டிரைவ்களுக்கான மோலெக்ஸ் கனெக்டரின் மஞ்சள் (12 வோல்ட்) வயரில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு விளையாட்டை ஓடவிட்டுப் பார்த்தேன். காட்சி கனத்த இடங்களிலும் அளவு 12-ஐ விட்டுக் கீழே இறங்கவில்லை. சுவர் ப்ளக்கில் மாட்டிய வாட் மீட்டர், விளையாட்டின்போது 220 வாட்டை ஒட்டியே காட்டியது. இந்தச் சுமை சப்ளைக்குப் பாதிகூட இல்லை என்பதால் அதன் விசிறி ஓடுவதே காதில் விழுவதில்லை. உண்மையில் எனக்கு 550 வாட்டே தாராளம்; பின்னாளில் 170 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கார்டுக்கு மாறினாலும் என்விடியா கேட்பது 550 தான். வாங்கிய நேரத்தில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் சொற்பமாக இருந்ததால் பெரியதை எடுத்தேன்.

எங்கள் பகுதியில் இதை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது எர்த் இணைப்பு. புதிய சப்ளையை மாட்டிய பிறகு கணினியின் உலோகப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுர்ரென்றது. பின்புறத் திருகாணியில் டெஸ்டரை வைத்தால் விளக்கு மங்கலாக எரிந்தது. சப்ளை பழுது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பத் தோன்றும் தருணம் அது. இத்தகைய சப்ளைகளில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, உள்ளே வரும் இரண்டு லைன்களுக்கும் பெட்டிக்கும் இடையே சிறு கெப்பாசிட்டர்களை வைத்திருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் மண்ணுக்குள் இறங்கிவிடும். எர்த் அறுந்திருந்தால் பெட்டியில் மெயின் வோல்ட்டேஜில் ஏறத்தாழப் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு, தங்கிவிடும். எந்த நிறுவனத்தின் சப்ளையானாலும் இதே நிலைதான்.

“அண்ணே, புது சப்ளை, ஷாக் அடிக்குது” என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னபோது, அவர் கணினியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொல்லைப்பக்கம் போனார். “சப்ளையில ஒண்ணும் இல்ல தம்பி, இத வந்து பாருங்க” என்று அவர் காட்டிய இடத்தில், எர்த் பைப்பைப் பிடித்திருந்த கிளாம்ப் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. செம்புக் கம்பி பச்சை பூத்து, பைப்பைத் தொடாமல் தனியே நின்றது. பைப்பின் தலையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதுக் கிளாம்ப் போட்டு, அதன்மேல் கிரீஸ் தடவிய பிறகு டெஸ்டரில் வெளிச்சம் வரவில்லை. சப்ளை வாங்குகிறவர்கள் அதற்கு முன்பே தங்கள் வீட்டு எர்த் பைப்பை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடலாம்.

யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். 600 விஏ என்று விற்கப்படும் சிறிய யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்டுக்கானது. என்னுடைய 220 வாட் அதில் அடங்கும், மானிட்டரைச் சேர்த்தாலும் அடங்கும். ஆனால் சிஎக்ஸ்650-இல் இருப்பது போன்ற ஆக்டிவ் பிஎஃப்சி சுற்று (சுவரிலிருந்து மின்னோட்டத்தைச் சீராக எடுக்க வைப்பது), மலிவான யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது தருகிற படிக்கட்டு வடிவ மின் அலையோடு சில நேரங்களில் ஒத்துப்போகாது. கரண்ட் போன நொடியிலேயே கணினி அணைந்துவிடும். என் வீட்டில் விளையாட்டு ஓடும்போதே யுபிஎஸ் ப்ளக்கைப் பிடுங்கிச் சோதித்தேன், அணையவில்லை. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் நீங்களும் இதைச் சோதித்துவிடுங்கள்.

இனி உப்பு. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவதை நிறுத்த வைத்த காற்று இது. நான்கு திருகாணிகளுக்கு இரக்கம் காட்டுமா? சப்ளையோடு வந்த திருகாணிகளின் தலையில் அதற்குள் செம்புள்ளிகள் தோன்றியிருக்கின்றன. ஆனால் கறுப்புப் பூச்சுப் பூசிய வெளித்தகடும் விசிறியின் கம்பி வலையும் புதிதுபோலவே உள்ளன. கழற்றி வைத்த பழைய சப்ளையின் பூச்சில்லாத தகட்டை இத்துடன் ஒப்பிட்டால் பூச்சின் அருமை விளங்கும். மினி டவரில் சப்ளை மேலே இருப்பதும், அதன் விசிறி பெட்டிக்குள்ளிருந்து காற்றை எடுப்பதும் ஓரளவு பாதுகாப்பு. சுத்தம் செய்வதற்காகச் சப்ளையை மட்டும் யாரும் திறந்துவிடக் கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். வெளியிலிருந்து உலர்ந்த பிரஷ்ஷும் ப்ளோயரும் போதும். ஐந்து ஆண்டு வாரண்டியும் திறக்காத சப்ளைக்குத்தான்.

பெட்டியின்மேல் உள்ள 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (வெண்கலம்) முத்திரையைப் பார்த்து, உள்ளே இருப்பதெல்லாம் தரமான பாகங்கள் என்று சான்று கொடுத்துவிட்டதாக எண்ண வேண்டாம். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வெப்பமாக வீணாகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஓவர் கரண்ட், ஓவர் வோல்ட்டேஜ், ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றுக்கான பாதுகாப்புகள் இருக்கின்றனவா என்பதைத் தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும், இதில் இருக்கின்றன.

இதே 9020-இன் சிறிய எஸ்எஃப்எஃப் பெட்டியை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சப்ளை பயன்படாது; ஏடிஎக்ஸ் அளவு அதற்குள் நுழையவே நுழையாது. அவர்கள் சப்ளையை மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு, தனி மின் வயர் கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் குட்டையான ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றைத் தேடுவதே சிக்கனம்.