ட்ரெஸ்ஸாஜ் பிட் என்று 11,800 ரூபாய் பிடுங்கினார்கள், உஷார்!

11,800 ரூபாய். குதிரை வாயில் போடுகிற, ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு கம்பிக்கு நான் கொடுத்த பணம். விற்ற கடைக்கு இன்று காலையில் அனுப்பிய மெசேஜுக்கும் நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் இல்லை. இனி வரப்போவதும் இல்லை என்று தெரிந்துவிட்டதால் இதை எழுதுகிறேன், இன்னொருத்தர் போய் மாட்டக் கூடாது. கடையின் பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். குதிரைச் சாமான் மட்டும் விற்கிற ஆன்லைன் கடை, படமும் ரீல்ஸும் கண்ணைப் பறிக்கும், நம்ம ஆள் மாதிரி தமிழிலேயே பேசுவார்கள். இவ்வளவு சொன்னால் போதும். பிட் எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

அழகர்கோவில் போகிற ரோட்டில் ஒரு தென்னந்தோப்பில் குதிரை வைத்திருக்கிறோம். கிண்டியில் ஓடிக்கொண்டிருந்த தாரோபிரெட், ரேஸ் ஜாதிக் குதிரை, ரேஸில் சோபிக்கவில்லை என்று விற்றார்கள், எங்களிடம் வந்தபின் அவன் பெயர் சோணை ஆகிவிட்டது. மகள் ஓட்டுகிறாள். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா நாலு பேரும் ட்ரெஸ்ஸாஜில், அதாவது குதிரையைச் சொன்னபடி அழகாக நடத்திக் காட்டுகிற போட்டியில், அணித் தங்கம் வாங்கினார்களே, குதிரையேற்றத்தில் 1982-க்கு அப்புறம் இந்தியாவுக்கு வந்த முதல் தங்கம், அதை டிவியில் பார்த்த அன்று பிடித்த பைத்தியம் அவளுக்கு இன்னும் இறங்கவில்லை. மதுரையில் குதிரை வைத்திருக்கிறேன் என்றால் "கல்யாண ஊர்வலத்துக்கு என்ன வாடகை" என்றுதான் கேட்பார்கள். ட்ரெஸ்ஸாஜ் பிட் வேண்டும் என்று எந்தக் கடையில் போய்க் கேட்பது? ஆன்லைன்தான் கதி.

பிரச்சினை இதுதான். சோணை ரேஸ் காலத்திலிருந்தே நடுவில் ஒரே மூட்டு உள்ள ஸ்னாஃபிள், அதாவது ரெண்டு பக்கமும் வளையம் வைத்த சாதாரண பிட், போட்டுப் பழகியவன். அதில் ரெண்டு பக்கமும் லகானை இழுத்தால் பிட் மடங்கி நாக்கை ரெண்டு பக்கமும் நெருக்கும், மேலண்ணம் தாழ்வாக உள்ள குதிரை என்றால் அந்த மூட்டு போய் அண்ணத்திலும் இடிக்கும். ரேஸில் யாரும் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ட்ரெஸ்ஸாஜில் அப்படி முடியாது, குதிரை வாயைப் பிளந்தாலும் நாக்கை வெளியே நீட்டினாலும் தலையை உதறினாலும் மார்க் போய்விடும், மார்க்கை விடுங்கள், அதற்கு வலிக்கிறது என்றுதானே அர்த்தம். ரெண்டு மூட்டும், நடுவில் வழவழப்பான ஒரு சின்னக் குமிழும் இருக்கிற பிட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். அந்தக் குமிழ் நாக்கின் மேல் பட்டுப்போல் உட்கார வேண்டும், அதுதான் விஷயம்.

இந்தக் கடைக்கார ஆளை எப்படி நம்பினேன் என்று கேட்காதீர்கள், நீங்களும் நம்பியிருப்பீர்கள். விலை கேட்டு மெசேஜ் போட்டேன், விலையே சொல்லவில்லை. "அண்ணே, முதல்ல குதிரை வாயைக் காட்டுங்க, வாயைப் பாக்காம பிட் விக்கிறவன் திருடன்" என்றான். இந்த வார்த்தையை அப்படியே சொன்னான்! வீடியோ கால் போட்டோம், உதட்டை விலக்கச் சொன்னான். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஈறு இருக்கும், பிட் உட்காருகிற இடம் அதுதான், அது கத்தி மாதிரிக் கூராக இருக்கிறதா தட்டையாக இருக்கிறதா என்று விரலால் தடவிச் சொல்லச் சொன்னான். நாக்கு தடிமனா, வாயை மூடும்போது பக்கவாட்டில் பிதுங்குகிறதா என்று கேட்டான். கடைவாய்க்கு முன்னால் முளைக்கிற அந்தச் சின்ன ஓநாய்ப்பல்லை எடுத்தாச்சா என்று கேட்டான். எல்லாம் சரியான கேள்வி. தடித்த பிட் என்றால் மெத்தென்று இருக்கும் என்று நினைக்காதீர்கள் அண்ணே, நாக்கு பெரிசாகவும் அண்ணம் தாழ்வாகவும் இருக்கிற குதிரைக்குத் தடித்த பிட்டை வைக்க வாயில் இடமே இருக்காது என்றான். அதுவும் சரி. எஃப்இஐ, அதாவது சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, அதன் விதிப்படி பெரிய குதிரைக்கு ஸ்னாஃபிள் 14 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, சரியா 14 தர்றேன் என்றான். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? இவனுக்கு விஷயம் தெரியாமல் இல்லை, தெரிந்துகொண்டே செய்திருக்கிறான், எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

ஜெர்மன் தயாரிப்பு, செம்பு கலந்த உலோகம், குதிரை வாயில் எச்சில் ஊறும், பிட்டை விரும்பி வாங்கிக்கொள்ளும், ஐந்தரை இன்ச், லூஸ் ரிங், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 11,800. ஒத்துவரவில்லை என்றால் 15 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், முழுப் பணம். இதை எழுத்தில் போட்டுக் கொடுத்தான், ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. தளத்தில் கட்டினால் லேட்டாகும், நேராக யூபிஐ-யில் போடுங்கள் என்றான். 11,800 போட்டேன்.

வந்த சாமானைப் பற்றிச் சொல்கிறேன். பளபளவென்று தங்க நிறம், வெல்வெட் பை வேறு. கம்பெனி முத்திரை உலோகத்தில் பொறித்திருக்கும் என்று பார்த்தால் பையில் ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். ரெண்டு மூன்று நாள் லேசாகப் போட்டுப் பார்த்தாள் மகள், தலையை முன்னைவிட மோசமாக உதறினான். அப்புறம் ஒரு காலை பிட்டைக் கழற்றும்போது நுரையில் ரத்தம். இடது பக்கம் வாயோரம் கிழிந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, புண் ஆறும்வரை வாயில் எதுவும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். பெங்களூரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தோம், அதுவும் போச்சு. டாக்டர் செலவு தனி, அதை 11,800-இல் சேர்க்கவே இல்லை.

கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிற நண்பனிடம் அந்தப் பிட்டைக் கொண்டுபோனேன். வெர்னியர் என்கிற தடிமன் அளக்கும் கருவியை வைத்து வளையத்துக்குப் பக்கத்தில் அளந்தான், 14 இல்லை, 12 கூட வரவில்லை. ஐந்தரை இன்ச் என்றானே, அது வளையத்தின் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை! பிட்டின் அளவு என்பது ரெண்டு வளையத்துக்கும் உட்பக்கமாக, வாய்க்குள் போகிற பகுதியை நேராக நீட்டி வைத்து எடுப்பது. அப்படி எடுத்தால் ஐந்து இன்ச்கூட முழுசாக இல்லை. லூஸ் ரிங் பிட்டில் வளையம் ஓட்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், நீளம் பத்தாவிட்டால் உதட்டுத் தோல் அந்த ஓட்டைக்குள் சிக்கி நசுங்கும். சோணைக்கு நடந்தது அதுதான். வழவழ குமிழ் என்றானே, அதைத் திருப்பிப் பார்த்தால் அச்சில் வார்த்த கோடு அப்படியே நிற்கிறது, நகத்தால் உரசினால் மாட்டுகிறது. ஓரத்தில் தங்க நிறம் உரிந்து உள்ளே கறுப்பாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த கோபுரப் படக் காந்தத்தை எடுத்து வைத்தேன், டப்பென்று ஒட்டியது. செம்புக் கலவையில் காந்தம் எப்படி ஒட்டும்? இரும்புக்கு முலாம் பூசி 11,800!

நம்ம ஊர்ச் சரக்கு மட்டம் என்று சொல்ல வரவில்லை. கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அங்கிருந்து வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது. உள்ளூர் பிட் என்று சொல்லி நியாயமான விலைக்கு ஒழுங்காகத் தேய்த்துக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

இனி அவன் சொன்ன பதில்கள். முதலில், "அண்ணே, புதுசா ஒண்ணு வாயில போட்டா குதிரை அப்படித்தான் பண்ணும், ஒரு வாரம் விட்டுப் பாருங்க". ரத்தம் வந்த போட்டோ அனுப்பினேன், "பாப்பா கை கொஞ்சம் கனமோ?" என்றான். என் மகள் லகானை முரட்டுத்தனமாக இழுக்கிறாள் என்கிறான், அவள் அதைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. வெர்னியர் அளவை அனுப்பினேன், அதோடு அண்ணன் போய் சார் வந்துவிட்டது. "சார், பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா? வீடியோ இல்லாம எதுவும் பண்ண முடியாது". 15 நாள் ரிட்டர்ன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்றால், "யூஸ் பண்ணின பிட் ரிட்டர்ன் கிடையாது சார், பல் தடம் இருக்கு". வாயில் போடாமல் ஒத்துவருகிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது, என் வாயிலா போட்டுப் பார்ப்பது? அதற்குப் பதில் இல்லை. கூரியரில் திருப்பி அனுப்பினேன், பார்சலை வாங்க மறுத்துவிட்டார்கள், அதுவும் திரும்பி வந்து வீட்டில் கிடக்கிறது. மேனேஜர் லீவு, டீம் உங்களைத் தொடர்புகொள்ளும், சிஸ்டம் அப்டேட் ஆகிறது, இப்படியே ஓட்டினார்கள். அவர்களுடைய ஆன்லைன் பக்கத்தில் கமெண்ட் போட்டேன், அரை மணி நேரத்தில் அழித்துவிட்டு அங்கே என்னைப் பிளாக் செய்துவிட்டார்கள். பாங்கில் போய்க் கேட்டால் "நீங்களே அனுப்பினதுதானே சார்" என்கிறார்கள். மச்சான் வேறு, "அழகரு தங்கக் குதிரையில ஆத்துல இறங்குற ஊரு, நீ மண்குதிரைய நம்பி இறங்கிட்டியே மாப்ள" என்று சிரிக்கிறார். அவருக்கென்ன, 11,800 அவருடையதா?

பில் என்று ஒன்று அனுப்பினானே, அதை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன், கையால் எழுதி போட்டோ எடுத்தது, ஜிஎஸ்டி எண்ணே இல்லை. அப்படியென்றால் என்னிடம் வாங்கிய ஜிஎஸ்டி எங்கே போனது? இதையும் புகாரில் சேர்க்கப் போகிறேன்.

விளக்கமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான். ஒரு கயிறை வாய்க்குள் பிட் உட்காருகிற இடத்தில் விட்டு ரெண்டு உதட்டோரத்திலும் குறி வைத்து அளந்துகொள்ளுங்கள், பிட் அதைவிட ரெண்டு பக்கமும் அரை சென்டிமீட்டர் போலக் கூட இருக்கட்டும், தோல் மெல்லிசான குதிரை என்றால் லூஸ் ரிங்கை விட்டுவிட்டு வளையம் சுற்றாத எக்பட் கேளுங்கள். அளவை வாயில் சொன்னால் நம்பாதீர்கள், பிட்டின் மேல் ஸ்கேலும் வெர்னியரும் வைத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பாதவனிடம் வாங்காதீர்கள். செம்புக் கலவை என்றால் வந்தவுடன் காந்தம் வையுங்கள், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். புது பிட் போடும் முன்னால் டாக்டரை விட்டுப் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் தெரிந்தவர்களிடம் ஒரு பிட்டை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள், அப்புறம் விலை கொடுங்கள். தனி ஆள் பெயருக்கு யூபிஐ போடச் சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 1915-க்குப் போன் போடுங்கள், நுகர்வோர் உதவி எண். ஆன்லைன் கடைக்காரர்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 விதியிலேயே இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. இதே கடையில் யாராவது பணம் விட்டிருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், ஸ்க்ரீன்ஷாட்டோடு வாருங்கள், ரெண்டு மூன்று பேராகச் சேர்ந்து கொடுத்தால் புகாருக்குக் கனம் கூடும். என் 11,800-ஐ நான் விடுவதாக இல்லை.