சாப் 9000-ஆ, வோல்வோ 940-ஆ? பழைய ஸ்வீடிஷ் பெரிய கார் தேடுபவர்களுக்கு

யோத்தா ஆறு வேனெர்ன் ஏரியிலிருந்து இறங்கி, ட்ரோல்ஹாட்டனைத் தாண்டி, கோத்தன்பர்க்கில் கடலில் சேர்கிறது. மேலே ட்ரோல்ஹாட்டனில் சாப் தொழிற்சாலை இருந்தது. கீழே கோத்தன்பர்க்கில் வோல்வோ இன்றும் இருக்கிறது. இடையில் எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். ஸ்வீடனின் இந்த மேற்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, பழைய பெரிய கார் ஒன்று வாங்கலாம் என்று கிளம்பினால் கடைசியில் இரண்டு பெயர்கள்தான் மிஞ்சும்: சாப் 9000, வோல்வோ 940. இரண்டுமே 1998-இல் உற்பத்தி நின்றவை.

நான் 9000-ஐ எடுத்தேன். 1995-ஆம் ஆண்டின் சிஎஸ் ரகம், 2.3 லிட்டர் டர்போ, மேனுவல் கியர். அதற்கு முன் 940-களையும் ஓட்டிப் பார்த்தேன், அடியில் படுத்தும் பார்த்தேன். ஆகவே இந்த அலசல் சாப் பக்கம்தான் சாயும். ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தஸ்தில் 9000-க்கு நேர் போட்டி 940 அல்ல, அதன் அண்ணன் 960 என்று சிலர் சொல்வார்கள். சரிதான். ஆனால் 960-இன் ஆறு சிலிண்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், இன்ஜினே போய்விடும். முப்பது வயதுக் காரில் அந்தக் கவலை எனக்கு வேண்டாம் என்று அதை ஒதுக்கிவிட்டேன்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இருக்கைகள் இரண்டிலும் அருமை. நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினாலும் முதுகு வலிக்காது. ஹீட்டர் இரண்டிலும் ஸ்வீடன் குளிருக்கென்றே செய்தது. பாதுகாப்பிலும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. வோல்வோவின் பெயர் உலகத்துக்கே தெரியும். சாப் 9000-மோ, நிஜ விபத்துகளை வைத்து ஃபோல்க்சாம் காப்பீட்டு நிறுவனம் வெளியிடும் பட்டியலில் முதலிடத்துக்கே வந்த கார்.

இவை எப்படி உருவாயின என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இன்றைய பராமரிப்புச் செலவின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் சாப் சிறிய நிறுவனம். தன் 900 காருக்கு மேலே ஒரு பெரிய கார் வேண்டும். தனியாக உருவாக்கப் பணம் போதாது. எனவே இத்தாலியின் ஃபியட், லான்சியாவோடு கைகோத்தார்கள். டைப் ஃபோர் என்ற பொது அடித்தளம் அப்படித்தான் பிறந்தது. அதிலிருந்து ஃபியட் குரோமா, லான்சியா தேமா, சாப் 9000 வந்தன. கடைசியாக ஆல்ஃபா ரோமியோ 164 சேர்ந்துகொண்டது. தோற்றத்தை இத்தாலியின் ஜார்ஜெட்டோ ஜுஜாரோவும், சாப் வடிவமைப்பாளர் பியோர்ன் என்வாலும் சேர்ந்து தந்தார்கள். 1984-இல் கார் வெளியே வந்தது.

பொது அடித்தளம் என்றால் செலவு குறைய வேண்டும். சாப் பொறியாளர்கள் அப்படி விட்டுவிடவில்லை. தேமாவின் கதவையும் 9000-இன் கதவையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே சாப் தன் கணக்குக்குப் பக்கவாட்டு மோதல் தாங்கும் வலுவைக் கூட்டியிருக்கும், ஒன்றை மற்றொன்றில் மாட்ட முடியாது. முன்பக்கக் கட்டமைப்பையும் தங்கள் விபத்துச் சோதனைக்கு ஏற்ப மாற்றினார்கள். பின்பக்கத்தில் மற்ற மூன்று கார்களுக்கும் தனித்தனிச் சக்கரத் தொங்கல். சாப் மட்டும் தனக்குப் பழக்கமான ஒற்றை அச்சையே வைத்துக்கொண்டது. பனியில் ஏற்றிய சுமையோடு போகும்போது அதன் நிதானம் நன்றாகத் தெரிகிறது.

இன்ஜினோ முழுக்க முழுக்க சாப் உடையது. பெர் ஜில்பிராண்ட் முன்னின்று வளர்த்த டர்போ மரபு, அதன்மேல் 16 வால்வு, 2 லிட்டரில் 175 குதிரைத்திறன். 1986-இல் அமெரிக்காவின் டல்லடீகா பந்தயத் தடத்துக்கு ஆலையில் தயாரான சாதாரண 9000 டர்போ கார்கள் மூன்றைக் கொண்டுபோய், இரவு பகலாகக் காருக்கு 1,00,000 கி.மீ. ஓட்டினார்கள். அவற்றில் வேகமானது நின்ற நேரத்தையும் சேர்த்து மணிக்கு 213 கி.மீ. சராசரி காட்டியது. விளம்பரத்துக்காகச் செய்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் மூன்று கார்களும் ஓட்டத்தை முடித்தன. அந்த இன்ஜின் குடும்பத்தின் மீது எனக்குள்ள நம்பிக்கை அங்கே தொடங்குகிறது.

பிறகு 1988-இல் சிடி செடான், 1990 வாக்கில் 2.3 லிட்டர் இன்ஜின், தொடர்ந்து முகம் மாற்றிய சிஎஸ், 1993-இல் 225 குதிரைத்திறன் ஏரோ. இதற்கிடையில் ஜெனரல் மோட்டார்ஸ் சாப் கார் பிரிவில் பாதிப் பங்கை வாங்கிவிட்டது. 1993-இன் புதிய 900 ஒப்பல் அடித்தளத்தில்தான் வந்தது. ஆக, ஜிஎம் வருவதற்கு முன்பே உருவான கடைசி சாப் மாடல் இந்த 9000. மொத்தம் 5 லட்சத்துக்குச் சற்று மேல் செய்தார்கள்.

வோல்வோவின் வழி வேறு. 1982-இல் யான் வில்ஸ்கோர்ட் வரைந்த 760, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போன்ற கார். 1984-இல் அதே உடலில் எளிய 740. 1990-இல் அதையே திருத்தி 940, 960. இன்ஜின் இன்னும் பழையது; 940-இன் பி230, 1974-இல் 240 வரிசைக்கு வந்த இன்ஜினின் நேர் வாரிசு. புரட்சி எதுவுமில்லை, இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டே போனார்கள். 700 வரிசை மட்டுமே 12 லட்சத்தைத் தாண்டியது.

இரண்டும் 2.3 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ. சாப் 90 மி.மீ. சிலிண்டர் விட்டம், 90 மி.மீ. பிஸ்டன் ஓட்டம், 16 வால்வு, அதிர்வைத் தணிக்க இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட். வோல்வோ 96-க்கு 80, 8 வால்வு. குறைந்த அழுத்த டர்போவில் சாப் 170 குதிரைத்திறன், வோல்வோ 135. எண்களை விடுங்கள். ஐந்தாவது கியரில் 80-இல் போகும்போது லாரியை முந்த வேண்டும் என்று வையுங்கள். சாபில் காலை அழுத்தினால் போதும், கியர் குறைக்கவே வேண்டாம். வோல்வோவும் முந்தும், முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

இனிதான் முக்கியமான விஷயம். சாப் வாங்குகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: கம்பெனியே போய்விட்டதே, ஸ்பேர் பார்ட்ஸுக்கு எங்கே போவாய்?

நியாயமான கேள்வி. 2011 டிசம்பரில் சாப் திவாலானது. ஆனால் உதிரிபாகப் பிரிவு தனி நிறுவனமாக இருந்தது; கடனுக்கு ஈடாக அது ஸ்வீடன் அரசின் கைக்கு வந்து, 2013-இல் ஓரியோ என்று பெயர் மாறித் தொடர்ந்து இயங்கியது. ஆலை மூடிய பிறகும் பாகங்கள் வந்துகொண்டே இருந்ததற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம் இன்ஜினின் வம்சம். 9000-இன் 2.3 லிட்டர் இன்ஜினைத் திருத்தித்தான் அதற்கு அடுத்து வந்த 9-5 காரில் வைத்தார்கள். அது 2000-களின் இறுதிவரை வந்துகொண்டிருந்தது. தேய்ந்துபோகும் சாமான்கள் பலவற்றுக்கு அதனால் இன்றும் சந்தை இருக்கிறது. பிரேக், ஃபில்டர், புஷ், வாட்டர் பம்ப் எல்லாம் ஜெர்மனியிலிருந்து சில நாட்களில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன.

கிடைக்காதவையும் உண்டு. உள்ளலங்காரத் துண்டுகள், தானியங்கி ஏசி கட்டுப்பாட்டுப் பெட்டி, பம்பர் போன்றவற்றைப் புதிதாகத் தேடிப் பயனில்லை. உடைத்து விற்கிற காரிலிருந்துதான் எடுக்க வேண்டும். பெரிய உடல் பாகம் எதுவும் எனக்கு இதுவரை தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் இவ்வளவு நிம்மதியாக எழுதுவேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

9000 உரிமையாளர் எல்லோரும் பேசுவது டிஐ (டைரக்ட் இக்னிஷன்) கேசட்டைப் பற்றி, அதாவது பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் பெட்டியைப் பற்றி. பேனட்டைத் திறந்தால், வால்வு கவரின் நடுவே நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மூடிக்கொண்டு சிவப்பு நிறத்தில் நீளமாக ஒரு பெட்டி படுத்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது, தடித்த வயர்கள் கிடையாது. பிளக் ஒவ்வொன்றுக்கும் தலைக்கு மேலேயே காயில். 1993-இலிருந்து வந்த ட்ரயானிக் என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி, தீப்பொறி விட்ட அதே பிளக்கின் வழியாகச் சிறு மின்னோட்டம் ஓட்டி, உள்ளே எரிதல் சரியாக நடந்ததா, தட்டல் உண்டா என்று அளக்கிறது. அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய சாதனை. பெட்டி வயதானால் இன்ஜின் இழுக்கும்போது விக்கும், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

இதைத்தான் பலரும் பூதமாகக் காட்டுகிறார்கள். நிஜத்தில் நான்கு திருகு, ஒரு கனெக்டர். சாலையோரத்தில் பத்து நிமிட வேலை. டிக்கியில் ஒரு மாற்றுக் கேசட் வைத்திருப்பது 9000 வைத்திருப்பவர்களின் வழக்கம். கவிழ்த்து வைக்கக் கூடாது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள், நானும் நிமிர்த்தியே வைத்திருக்கிறேன். பிளக் மட்டும் சாதாரண என்ஜிகே தான் போட வேண்டும். விலை உயர்ந்த பிளாட்டினம் வகை இதற்கு ஒத்துவராது. பிளக்கே அளவுகோலாகவும் வேலை செய்கிறதல்லவா.

940 பக்கம் இப்படி ஒரு சிக்கல் கிடையாது. டைமிங் பெல்ட்டை 80,000 கி.மீ. வாக்கில் மாற்றிவிட வேண்டும்; மறந்து அறுந்தாலும் பி230-இல் வால்வும் பிஸ்டனும் மோதாது. புதுப் பெல்ட் போட்டால் ஓடும். ஆயில் ஆவி போகும் குழாயில் இருக்கும் சிறு வடிகட்டி அடைத்துக்கொள்ளும், கிலோமீட்டர் காட்டும் மீட்டரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையும். அவ்வளவுதான். இன்ஜின் நெடுக்காக உட்கார்ந்திருப்பதால் கையை எங்கே வேண்டுமானாலும் நுழைக்கலாம். சாபில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது; கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸைக் கீழே இறக்கியாக வேண்டும், கூலி தாளாது.

தனித்தனிப் பாகமாகக் கணக்குப் போட்டால் வோல்வோதான் மலிவு. இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மொத்தமாகக் கணக்குப் போட்டபோது எனக்குக் கிடைத்த படம் வேறு. சாபில் டைமிங் செயின், காலக்கெடு வைத்து மாற்ற வேண்டியதில்லை; சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தால் போதும். இரண்டு காருக்கும் டயர், பிரேக், சைலன்சர், ஷாக் அப்சார்பர் செலவு ஏறக்குறைய ஒன்று. முப்பது வயது தாண்டினால் ஸ்வீடனில் இரண்டுக்குமே வாகன வரி கிடையாது. மிஞ்சும் வித்தியாசம், ஒரு கேசட்டும் எப்போதோ ஒரு கிளட்ச் வேலையும். அந்த வித்தியாசத்துக்காக இந்த இன்ஜினை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ட்ரயானிக்கை ஆர்வலர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படித்து மென்பொருளே எழுதிவைத்திருக்கிறார்கள். மடிக்கணினி ஒன்று இருந்தால் கார் என்ன நினைக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம்.

இரண்டிலும் முதலில் பார்க்க வேண்டியது துருவைத்தான். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு யாரையும் விடாது. 9000-இல் கதவின் அடி ஓரம், பின் சக்கர வளைவு இவற்றை விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் கொப்புளித்திருந்தால் உள்ளே அதைவிட அதிகம் போயிருக்கும். 940 இதில் கொஞ்சம் தேவலை.

மறுவிற்பனையில் 940 கை ஓங்கியிருக்கிறது. இங்கே பதினைந்து வயதுப் பிள்ளைகள் மணிக்கு 30 கி.மீ. வேகத்துக்குக் கட்டுப்படுத்திய ‘ஏ-டிராக்டர்’ ஓட்டலாம். கிராமப்புறத்தில் அதற்கு மிகவும் பிடித்த அடிப்படைக் கார் 740-உம் 940-உம் தான். நல்ல 940-கள் பல அப்படி வெட்டுப்பட்டுப் போகின்றன, மிஞ்சியவற்றுக்கு விலை ஏறுகிறது. சாபில் ஏரோவுக்குத்தான் அப்படி ஒரு மவுசு. சாதாரண சிஎஸ் இன்னும் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. வாங்குகிறவருக்கு அது நல்லதுதானே.

9000-இல் கடைசி ஆண்டுகளில் வந்த வி6, ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின். அதை நான் வைத்திருந்ததில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் ஒரு சிறு சுற்று ஓட்டியதோடு சரி. அவற்றைப் பற்றி என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பின்சக்கர ஓட்டமுள்ள 940-ஐக் கடும் பனியில் நான் அதிகம் ஓட்டியதில்லை. நல்ல குளிர்காலச் சக்கரமும் டிக்கியில் கொஞ்சம் கனமும் இருந்தால் சிரமமில்லை என்று அதில் பல வருடம் ஓட்டியவர்கள் சொல்கிறார்கள்.

9-5-ஐயே வாங்கிவிடலாமே, புதியதாச்சே என்று யோசிப்பவர்கள் 2003 வரையிலான பெட்ரோல் கார்களில் ஆயில் கெட்டிப்படும் சிக்கலை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். 9000-இல் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

சொந்தமாக ஸ்பேனர் பிடிக்காதவர், பக்கத்தில் சாப் தெரிந்த மெக்கானிக் இல்லாதவர் 940-ஐயே எடுங்கள். எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் அதைத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். எஸ்டேட்தான் (பின்பக்கம் சாமான் ஏற்ற நீண்ட கூரையுள்ள கார்) வேண்டும் என்பவருக்கும் அதுவே வழி, 9000-இல் எஸ்டேட் வந்ததே இல்லை. மற்றவர்கள் 1994 முதல் 1998 வரையிலான சிஎஸ், 2.3 டர்போ, மேனுவல் கியர் தேடுங்கள். குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்து செயின் சத்தம் கேளுங்கள், கதவடியைத் தடவிப் பாருங்கள், டிக்கியில் மாற்றுக் கேசட்டையும் சேர்த்துக் கொடுப்பாரா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.