பனியன் கம்பெனி அலுவலகத்தில் உலாவி அப்டேட்: விண்டோஸ், உபுண்டு, மேக்

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றின் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களிடம் விண்டோஸ், ஸ்டோரிலும் பேக்கிங்கிலும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம், டிசைன் அறையில் மேக். மூன்றிலும் குரோமும் ஃபயர்பாக்ஸும் உண்டு. ஆனால் அப்டேட் வந்து சேரும் வழி வேறு வேறு.

விண்டோஸில் உலாவியே தன்னைப் பார்த்துக்கொள்கிறது. குரோமுக்குப் பின்னணியில் ஓடும் அப்டேட்டர் இருக்கிறது. ஃபயர்பாக்ஸுக்கு ‘மெயின்டனன்ஸ் சர்வீஸ்’ இருப்பதால் ஒவ்வொரு முறையும் அட்மின் பாஸ்வேர்டு கேட்பதில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். இறங்கிய பதிப்பு, உலாவியை மூடித் திறந்தால்தான் வேலைக்கு வரும். ஷிப்மெண்ட் வாரத்தில் யார் மூடுகிறார்கள்? பையர் போர்ட்டல், இ-வே பில், கூரியர் என்று வரிசையாக டேப்கள் திறந்திருக்கும். மாலையில் லேப்டாப்பை மடக்கி வைத்துவிட்டுக் கிளம்பினால், மறுநாள் காலையில் ஓடுவதும் அதே பழைய குரோம்தான்.

அப்டேட் காத்திருந்தால் குரோம் மூலையில் நிறம் காட்டும்: முதலில் பச்சை, 4 நாள் அளவில் ஆரஞ்சு, ஒரு வாரம் கடந்தால் சிவப்பு. 2021இல் 94ஆம் பதிப்பிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பு என்று மாற்றினார்கள். 2023 முதல் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரந்தோறும் வருகின்றன. ஆகவே சிவப்பு என்றால், ஊரறிந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்று பொருள். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. குறித்த கெடுவுக்குள் உலாவி தானே மூடித் திறக்கும்படி செய்ய, அட்மின் வைக்கும் அமைப்பு (பாலிசி) ஒன்று குரோமில் இருக்கிறது. சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடிந்ததும் அனைவரும் மூடித் திறப்பதென்று பழக்கியும் இருக்கிறோம். அலுவலகத்துக்கு இரண்டும் வேண்டும்.

எனக்குப் பிடித்தது உபுண்டு வழி. குரோமின் டெப் பொதியை (உபுண்டுவுக்கான நிறுவல் கோப்பை) நிறுவும்போதே, கூகுளின் மென்பொருள் களஞ்சியம் ஏப்ட் பட்டியலில் சேர்ந்துவிடும்; ஏப்ட் என்பது உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் கருவி. அப்புறம் கணினி முழுவதற்கும் ஒரே அப்டேட். எது எப்போது மாறியது என்பதும் பதிவில் இருக்கும். உபுண்டு 22.04இலும் அதற்குப் பிறகும் ஃபயர்பாக்ஸ் மட்டும் ஸ்னாப் என்ற, தானே புதுப்பித்துக்கொள்ளும் பொதி வடிவில் வருகிறது. நாளுக்கு 4 முறை புதியதைத் தேடும். உலாவி திறந்திருந்தால் மூடச் சொல்லிக் காத்திருக்கும். இங்கும் மூடுவது மனிதர் கையில்தான்.

மேக்கில் குரோமும் ஃபயர்பாக்ஸும் தாமே புதுப்பித்துக்கொள்ளும். ஆப்பிளின் சொந்த உலாவியான சஃபாரி அப்படியல்ல, இயங்குதளத்தோடு பிணைந்தது. பொதுவாக நடப்பு மேக் இயங்குதளத்துக்கும் முந்தைய இரண்டுக்கும் மட்டுமே புதிய சஃபாரி கிடைக்கும். திரை நன்றாக இருந்தாலும் இயங்குதளம் பழையதானால் சஃபாரி அங்கேயே நின்றுவிடும். இந்தப் பிணைப்பை நான் ஏற்கவில்லை.

துணி வெட்டுவதற்கான வடிவங்களைத் தாளில் வரைந்து தரும் மார்க்கர் பிளாட்டருக்காக விண்டோஸ் 7 கணினி ஒன்றை வைத்திருக்கிறோம். அதற்குக் கடைசிக் குரோம் 109, 2023இல் நின்றுவிட்டது. ஃபயர்பாக்ஸ் 115 நீள்ஆதரவுப் பதிப்பை மட்டும் மொசில்லா பலமுறை கெடு நீட்டித்துக் காப்பாற்றியது. அதையே நிறுவி, அந்தக் கணினியில் மின்னஞ்சலும் வங்கியும் கூடாது என்று தடுத்திருக்கிறேன். பிளாட்டருக்குப் புதிய டிரைவர் கிடைத்தவுடன் கணினியை மாற்றிவிடலாம் என்று முதலாளியும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.