ஷிகுர்: நாவலில் பயமா, படத்தில் பயமா?

கார்மக் மெக்கார்த்தியின் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' நாவல் 2005இல் வந்தது, கோயன் சகோதரர்களின் படம் 2007இல். இரண்டிலும் கதை ஒன்றுதான்: 1980, டெக்சாஸ் எல்லை, காணாமல் போன போதைப்பொருள் பணம், அதைத் தேடி வரும் கூலிக் கொலைகாரன் ஆண்டன் ஷிகுர். வசனங்கள்கூடப் பல இடங்களில் அப்படியே. ஆனால் ஆள் வேறு.

முதல் கொலையையே பாருங்கள். தன்னைப் பிடித்து வந்த போலீஸ்காரரின் கழுத்தைக் கைவிலங்காலேயே நெரிக்கிறான். படத்தில் கேமரா தரைக்கு வருகிறது: உதறிய பூட்ஸ் இழுத்த கறுப்புக் கோடுகள். எப்படி மாட்டினான் என்று படம் சொல்வதே இல்லை. நாவலில் அவனே பிற்பாடு சொல்கிறான்: மன உறுதியால் மட்டும் தப்ப முடியுமா பார்க்கலாம் என்று வேண்டுமென்றே மாட்டிக்கொண்டானாம். அது வீண் பெருமை என்றும் ஒத்துக்கொள்கிறான். படித்ததும் எனக்குப் பயம் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஜம்பம் இருக்கிறவன் மனுஷன்தானே!

அப்புறம் அந்த பெட்ரோல் பங்க். எத்தனை மணிக்குக் கடையை மூடுவீர்கள் என்று கேட்கிறான். இப்போதுதான் என்கிறார் பெரியவர். இப்போது என்பது ஒரு நேரமா என்கிறான். அவ்வளவுதான், நமக்கு வியர்க்கிறது. கடை மாமனார் வீட்டுச் சொத்து என்று தெரிந்ததும் அதையும் விடாமல் நோண்டுகிறான். 1958ஆம் வருட நாணயம், 22 வருடம் பயணம் செய்து இங்கே வந்திருக்கிறது, பூவா தலையா சொல்லு. பந்தயம் பெரியவரின் உயிர். நாவலில் மேற்கோள் குறியே கிடையாது. யார் பேசுகிறார்கள் என்று ஒரு கணம் தடுமாறுவோம், அது நல்ல பயம். ஆனால் பெரியவர் பிழைத்த பிறகு ஷிகுர் நாணயத்தைப் பற்றி ஒரு குட்டிப் பிரசங்கம் செய்கிறான். படம் அதைப் பெரிதும் வெட்டிவிட்டது. பதிலுக்கு, அவன் தின்றுவிட்டுக் கசக்கிப்போட்ட முந்திரிப் பாக்கெட் மேஜைமேல் மெல்ல விரியும் சத்தம். பின்னணி இசை இருப்பதே தெரிவதில்லை.

தோற்றத்தில் போட்டியே இல்லை. நாவலில் ஈரக் கல் போன்ற நீலக் கண்கள். படத்தில் ஷிகுராக நடித்த ஹாவியர் பர்டெமின் அந்தக் கிண்ணக் கிராப்பு. சிரிக்கவேண்டிய தலை, யாரும் சிரிப்பதில்லை. ஆஸ்கர் சும்மா வரவில்லை. 2014இல் பெல்ஜிய மனநல மருத்துவர்கள் 400 படங்களை அலசி, நிஜத்துக்கு மிக நெருக்கமான சைக்கோபாத்களில் ஒருவனாக இவனைத்தான் சொன்னார்கள்.

நாவல் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. மீட்ட பணத்தை உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அடுத்த வேலைக்குத் தன்னை நம்பலாம் என்கிற தோரணையில் பேசுகிறான். இத்தனை பிணமும் ஒரு தொழில் அறிமுகத்துக்காகவா? படத்தில் இந்தக் காட்சி இல்லாதது எனக்குக் குறைதான்.

பணத்தை எடுத்துக்கொண்டு ஓடியவனின் மனைவி கார்லா ஜீன் விஷயத்தில் மட்டும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. நாவலில் அவள் தலை என்கிறாள், பூ விழுகிறது, சுடுகிறான். படத்தில் அவள் சொல்ல மறுக்கிறாள்: முடிவெடுப்பது நாணயம் இல்லை, நீதான். அவனுடைய விதியெல்லாம் வெறும் சாக்கு என்று முகத்துக்கு நேரே சொல்பவள் அவள். கொலையைக் காட்டுவதில்லை. அவன் வாசலுக்கு வருகிறான், நின்று ஒவ்வொரு பூட்ஸின் அடியையும் பார்த்துக்கொள்கிறான். முன்பு, அவன் சுட்ட வெல்ஸ் என்ற இன்னொரு கூலியாளின் ரத்தம் தரையில் பரவி வந்தபோது காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டவன்தானே.